டேப்லெட் கிடைத்தது, பாடம் கிடைத்ததா? மாற்றுத்திறன் மாணவர்களுக்குச் சட்டம் தரும் உரிமை

பார்வையில்லாத ஒரு பிள்ளைக்கு முகாமில் டேப்லெட் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தை வாய்விட்டு வாசிக்கும் திரைவாசிப்பானும் அதில் இருக்கிறது. மறுநாள் ஆசிரியர் பயிற்சித்தாளைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். திரைவாசிப்பான் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. கருவியைக் கேட்டு வாங்கத் தெரிந்த நமக்கு, படிக்கத்தக்க பாடத்தையும் கேட்கலாம் என்பது பெரும்பாலும் தெரிவதில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19-இல். அதன் பட்டியலில் உள்ள 21 குறைபாடுகளில் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் ஒன்று. அரசு நிதி பெறும் பள்ளியானாலும் அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியானாலும், அந்தந்தப் பிள்ளையின் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்துதர வேண்டும் என்கிறது 16-ஆவது பிரிவு. 17-ஆவது பிரிவு அரசையும் உள்ளாட்சிகளையும் நோக்கிப் பேசுகிறது: 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள மாணவருக்கு 18 வயதுவரை நூல்கள், கற்றல் பொருட்கள், உதவிக் கருவிகள் அனைத்தும் இலவசம்.

ஆகவே தனியார் பள்ளி முதல்வரிடம் போய் "லேப்டாப் வாங்கிக் கொடுங்கள்" என்று மல்லுக்கட்டுவதில் பயனில்லை. அது அரசின் கடமை. ஆனால் பாடக்குறிப்பைத் தட்டச்சு செய்த கோப்பாகக் கேட்கலாம். நிறுவனத்துக்கு அளவுக்கு மீறிய சுமையாகும் வசதியை மட்டுமே சட்டம் விலக்குகிறது. ஒரு கோப்பை அனுப்புவது என்ன சுமை?

மாற்றுத்திறன் சான்றிதழில் 40 சதவீதம் இல்லையென்றால் கதை முடிந்தது என்று பல பெற்றோர் திரும்பிவிடுகிறார்கள். அது தவறு. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் குறைபாடு கொண்ட ஒருவர், குடிமைப்பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவர் வேண்டும் என்று தொடுத்த வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியாயமான வசதி பெற 40 சதவீதம் என்ற வரம்பு தேவையில்லை என்பதே அதன் சாரம். இலவசக் கருவிக்கு அந்த வரம்பு உண்டு. வகுப்பறை வசதிக்குக் கிடையாது.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு தலைவலி, எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் நம் கண்ணுக்கு அம்மாதான். கணினியின் உள்ளே இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகள். திரைவாசிப்பான் அந்தக் குறிகளைத்தான் வாசிக்கும். தமிழ் எழுத்தைத் தமிழாகவே கணினியில் பதியும் யுனிகோடு எழுத்துருவுக்கு இந்தத் தொல்லை இல்லை. தமிழ்நாடு அரசு 2010-லேயே அதை ஏற்றுக்கொண்டது. இருந்தும் பழைய எழுத்துருக்கள் இன்னும் ஒழிந்தபாடில்லை. உங்கள் கையில் உள்ள பிடிஎஃப் எப்படிப்பட்டது என்று அறிய, ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் நல்லது. ஆங்கிலக் கிறுக்கலாக வந்தாலோ, வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியாமல் போனாலோ, அந்தக் கோப்பு உங்கள் பிள்ளைக்கு ஊமைதான்.

"பதிப்புரிமை இருக்கிறதே, எப்படி மாற்றித் தருவது?" என்று யாராவது தயங்கினால், 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் வந்த திருத்தத்தைச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக, லாப நோக்கமின்றி, ஒரு நூலை அவர்களுக்கு ஏற்ற வடிவில் மாற்ற அது அனுமதிக்கிறது. திரைவாசிப்பானுக்கும் பெரிய செலவு இல்லை: கணினிக்கான என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் ஏற்கெனவே இருக்கிறது.

காது கேளாத மாணவர்களுக்காக, இந்திய சைகை மொழிக்கென்றே, மத்திய அரசின் கல்வித் தொலைக்காட்சித் தொகுப்பான பிஎம் இ-வித்யாவின் 31-ஆவது அலைவரிசை 2024 டிசம்பரில் தொடங்கப்பட்டது.

எங்கே தொடங்குவது? முதலில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பியுங்கள். தமிழ்நாட்டில் உள்ளவர்கள், பள்ளிக் கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநரைப் பார்த்தால் மருத்துவ முகாம், கருவி, உதவித்தொகை பற்றிய வழி தெரியும். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைத் தலைமையாசிரியர் வழியாகக் கேட்க வேண்டும். தேர்வு நெருங்கும்வரை காத்திருக்காதீர்கள்.

வகுப்பறைக் கோரிக்கையையும் வாய்மொழியோடு விட்டுவிடாதீர்கள். "16-ஆவது பிரிவின்படி, பாடக்குறிப்புகளையும் பயிற்சித்தாள்களையும் படமாக அல்லாமல் யுனிகோடு கோப்பாகத் தர வேண்டுகிறேன்" என்று இரண்டு வரி எழுதி, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அதன் நகலோடு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போகலாம். மாற்றுத்திறன் குழந்தைகளின் சேர்க்கையையும் வசதிகளையும் கவனிக்க அங்கே ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2017 விதிகள் கூறுகின்றன. அங்கும் நடக்கவில்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். ஆட்களை அழைத்து விசாரிக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு.