கையில் கத்தி இருக்கும்போது

பழிவாங்கியே தீருவேன் என்று வருபவர்களுக்கு நான் ஒரு பழைய டிவி எபிசோடைச் சிபாரிசு செய்வதுண்டு: 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளிக் கதைத் தொடரின் முதல் சீசனில் வந்த 'அரீனா'. 1967 ஜனவரியில் அமெரிக்காவில் ஒளிபரப்பானது. அதில் வரும் பல்லி வேஷத்தைப் பார்த்தால் இன்று சிரிப்பு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செஸ்டஸ் 3 என்ற கோளிலிருந்த மனிதக் குடியிருப்பை, பல்லி உருவம் கொண்ட கோர்ன் இனத்தார் அழித்துவிடுகிறார்கள். மனிதர்களின் விண்கப்பலை நடத்தும் கேப்டன் கிர்க், கோர்ன்களின் கப்பலை விடாமல் துரத்துகிறார். அவருடைய துணை அதிகாரி ஸ்பாக் தயங்குகிறார், கிர்க் கேட்பதாக இல்லை. நடுவே மெட்ரான்கள் என்ற இனம் புகுந்து, இரண்டு கேப்டன்களையும் ஒரு பாறைக்காட்டில் இறக்கி, மோதித் தீர்த்துக்கொள்ளச் சொல்கிறது. கந்தகம், கரி, வெடியுப்பு கலந்து மூங்கிலில் அடைத்து, வைரக் கற்களையே குண்டாக்கிச் சுட்டு, கிர்க் ஜெயிக்கிறார்.

எதிரியின் கழுத்தருகே கத்தியைக் கொண்டுபோனவர் கொல்ல மறுக்கிறார். பலரும் பேசுவது இந்தக் காட்சியைத்தான். எனக்கு முக்கியம் அதற்கு முன்னால் வருவது. மெட்ரான்கள் கொடுத்த கருவி வழியாக கோர்ன் பேசுகிறான்: எங்கள் எல்லைக்குள் நுழைந்தது நீங்கள்தான். கிர்க் அதை ஏற்கவில்லை, அப்பாவிகளைக் கொன்றதைச் சொல்லிச் சீறுகிறார். ஆனாலும் அந்தப் பேச்சு காதில் விழுந்துவிட்டது. கடைசியில், தற்காப்பு என்று நினைத்துத் தாக்கியிருப்பாயோ என்று அவரே சொல்கிறார். இந்த எபிசோடுக்கு மூலமான ஃப்ரெட்ரிக் பிரவுனின் 1944 சிறுகதையில் மனிதன் எதிரியைக் கொன்றுவிடுவான். திரைக்கதை எழுதிய ஜீன் கூன் மாற்றியது அதைத்தான்.

"மன்னிக்க மட்டும் சொல்லாதீங்க" என்றுதான் பலர் பேச்சையே ஆரம்பிப்பார்கள். சரி, சொல்வதில்லை. நான் கேட்பது வேறு: நடந்ததை எதிராளி சொன்னால் எப்படிச் சொல்வார்? ஒப்புக்கொள்ள வேண்டாம், சொல்லிப் பார்த்தால் போதும். சொத்துத் தகராறில் அண்ணன் தம்பிகள் இந்தக் கேள்வியில்தான் திணறுவார்கள்.

பழிவாங்கினால் மனம் ஆறும் என்பது நம் கணக்கு. கார்ல்ஸ்மித், வில்சன், கில்பர்ட் என்ற உளவியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில் அந்தக் கணக்கு பொய்த்தது. பண விளையாட்டில் தங்களை ஏமாற்றியவரைத் தண்டித்தவர்கள், தண்டிக்க வாய்ப்பே கிடைக்காதவர்களைவிட மோசமான மனநிலையில் இருந்தார்கள். அந்த ஆளைப் பற்றியே நினைத்துக்கொண்டும் இருந்தார்கள்.

விட்டுவிடுவது என்றால் நியாயம் கேட்பதை நிறுத்துவது இல்லை. கோர்ன்களை நாங்களே அழித்துவிடவா என்று மெட்ரான் கேட்கும்போது, வேண்டாம், பேசிப் பார்க்கிறோம் என்கிறார் கிர்க். செஸ்டஸ் 3 வழக்கு முடிந்துவிடவில்லை. அதேபோல நீங்களும் புகார் கொடுக்கலாம், பாகம் கேட்கலாம், உறவை முறித்துக்கொள்ளவும் செய்யலாம்.

இன்னொன்று. கிர்க் கத்தியை விட்டது எதிரி செயலற்றுக் கிடந்த பிறகு. வீட்டில் இன்னும் அடி வாங்கிக்கொண்டிருப்பவரிடம் போய், அடிப்பவர் பக்கத்தையும் யோசித்துப் பார் என்று யாரும் சொல்லாதீர்கள். உறவினர்கள் இதை நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அது ஆபத்து. அங்கே முதல் வேலை அவரைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோவது. இந்தியாவில் பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.