ஸ்கேன் நார்மல், ஆனாலும் குரல் கேட்கிறது

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தம்பிக்கு 20 வயசு. யாரோ காதுக்குள்ள பேசுறதா சொல்லுறான். எம்ஆர்ஐ எடுத்தோம், நார்மல்னு வந்துட்டு. அப்போ மூளையில கோளாறு இல்லன்னுதானே அர்த்தம்? செய்வினை எடுக்கணும்னு வீட்டுல நிக்குறாங்க."

இல்லை, அப்படி அர்த்தமாகாது. வழக்கமான ஸ்கேனில் கட்டி, கசிவு, அடைப்பு போன்றவைதான் தெரியும். மூளையின் எந்த இடம் எவ்வளவு வேலை செய்கிறது என்பது அதில் வராது. அதைச் சொல்வது ரத்த ஓட்டம். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளைக்கு, இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் போகிறது. நரம்பணுக்கள் மும்முரமாகும் இடத்தில் சிறு ரத்தக்குழாய்கள் விரிந்து கூடுதல் ரத்தம் பாயும்.

சரி, மண்டையோட்டுக்குள் ஓடும் ரத்தத்தை எப்படி அளப்பது? 1992-இல் வந்த ஒரு முறை எனக்கு இன்றும் வியப்புதான். பேர் ஆர்ட்டீரியல் ஸ்பின் லேபிளிங். அதே எம்ஆர்ஐ இயந்திரத்தில் எடுப்பதுதான். ஊசி கிடையாது, சாயம் கிடையாது. ரத்தத்தில் உள்ள தண்ணீரே சாயம். பேச்சிப்பாறைத் தண்ணீரை மடையில் அடையாளமிட்டுவிட்டு, எந்த வயலுக்கு எவ்வளவு வருகிறது என்று பார்ப்பது போல. கழுத்துத் தமனியில் ஏறும் ரத்தத்தின் மீது ரேடியோ அலை பாய்ச்சினால், அந்தத் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் கருக்களின் காந்தத் திசை தலைகீழாகிவிடும். ஒன்றரை, இரண்டு நொடி பொறுத்தால் அந்த ரத்தம் மூளைத் திசுவுக்குள் போய்ச் சேரும். அப்போது ஒரு படம். அடையாளமிடாமல் இன்னொரு படம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மிஞ்சுவது புதிதாக வந்த ரத்தம் மட்டுமே. அந்த வித்தியாசம் நூற்றில் ஒரு பங்குதான்! தலை லேசாக அசைந்தாலே கெட்டுவிடும். அடையாளமும் சில நொடிகளில் அழிந்துவிடும். அதனால் சில நிமிடங்களுக்குத் திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள்.

இந்த முறையில், சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நடப்பதாக நம்புவது போன்ற மனநிலை) வரும் அபாயத்தில் உள்ள இளைஞர்களை லண்டனில் ஆராய்ந்தார்கள். நினைவுகளைக் கோக்கும் ஹிப்போகாம்பஸில், சும்மா படுத்திருக்கும்போதே ரத்த ஓட்டம் கூடுதலாக இருந்தது. பிறகு அறிகுறிகள் நீங்கியவர்களிடம் அது குறைந்தும் இருந்தது. அங்கே நரம்பணுக்களை அடக்கி வைக்கும் அணுக்கள் பலவீனமாகி, அந்த மிகைவேகம் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் சுரப்பையும் தூண்டிவிடுகிறது, அதனால்தான் சாதாரண விஷயங்களும் தனக்காகவே நடப்பதாகத் தோன்றுகிறது என்பது இன்று வலுவாக உள்ள கருத்து. ஆனால் இது பல பேரின் சராசரியில் தெரிவது. ஒருவருக்கு மட்டும் இந்தப் படம் எடுத்து நோயை உறுதிப்படுத்த முடியாது.

நம் ஊர் இளைஞர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் ஆய்வுகளுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். லண்டன் மூளைகளை வைத்தே எத்தனை காலம் பேசுவது? செய்வினை எடுப்பதை நான் எதிர்ப்பதும் நம்பிக்கையைக் கேலி செய்ய அல்ல. சிகிச்சை தள்ளிப்போகப் போக, குணமாவது கடினமாகிறது. 2001-இல் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த காப்பகத்தில், 28 மனநோயாளிகள், பலர் சங்கிலியோடு, தீயில் கருகினார்கள். அதற்குப் பிறகும் மந்திரவாதி வாசலில் மாதங்களைக் கழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தம்பியை ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416-க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தூக்கம் எப்போது கெட்டது, குரல் எப்போது தொடங்கியது, கஞ்சா பழக்கம் உண்டா என்று மருத்துவர் கேட்பார். ஒளிக்காமல் சொல்லுங்கள்; நோயைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அந்தப் பேச்சில்தான்.