சீட் இடுக்கில் போன் விழுந்தால் சீட்டை அசைக்காதீர்கள்

விமானத்தை மேகத்துக்குள் இறக்கிக்கொண்டிருந்தோம். ரன்வே இன்னும் கண்ணில் படவில்லை. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் புதிய உயரத்தைச் சொல்லும்போது, எண்ணுக்கு நடுவில் ஹெட்செட்டில் 'டிட்டிடிட் டிட்டிடிட்' என்று ஒரு சத்தம். ரேடியோ பக்கத்தில் போனை வைத்திருந்தால், அழைப்பு வருவதற்குச் சற்று முன்பு கேட்குமே, அதேதான். பாதி எண்தான் காதில் விழுந்தது. திரும்பச் சொல்லும்படி கேட்டு உறுதிசெய்துகொண்டேன். போனது சில நொடிகள்தான், ஆனால் தரையை நெருங்கும் வேளையில் அந்த நொடிகள் எங்களுக்கு மிக முக்கியம். இறங்கிய பிறகு தேடிப் பார்த்தால், ஃப்ளைட் மோடில் போடாத போன் என் பையிலேயே இருந்தது. அன்றிலிருந்து விமானி அறையில் உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

"ஒரு போனால் விமானம் விழுந்துவிடுமா?" என்று பயணிகள் கேட்பார்கள். விழாது. விமானக் கருவிகள் வெளி அலைகளைத் தாங்கும்படி கட்டிச் சோதிக்கப்படுபவை. சிக்கல் பெரும்பாலும் காதில்தான். 2ஜி போன் தொடர்ச்சியாக அலை அனுப்புவதில்லை. நொடிக்கு 217 முறை விட்டு விட்டு அனுப்புகிறது. அந்தத் துடிப்பை ஹெட்செட் ஒயர் பிடித்துக்கொள்கிறது. டவர் தூரமாக ஆக ஆக போன் தன் சக்தியைக் கூட்டும், 2 வாட் வரைகூட. 4ஜியில் அது சுமார் 0.2 வாட்தான், இரைச்சலும் மிகக் குறைவு. ஆனால் பின்னால் உட்கார்ந்திருக்கும் இருநூறு பேரில் யாருடைய போன் எந்த நெட்வொர்க்கைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாதே.

தரையிலும் ஒரு காரணம் இருக்கிறது. உயரத்தில் பறக்கும் போனுக்கு ஒரே நேரத்தில் பல டவர்கள் எட்டும், அது தரையில் இருப்பவர்களின் நெட்வொர்க்கில் குறுக்கிடும். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 1991இல் பறக்கும்போது செல்போன் பேசத் தடை போட்டதே முக்கியமாக இதனால்தான். 2013இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விதி தளர்ந்தது. ஃப்ளைட் மோடில் இருந்தால், புறப்படும்போதும் இறங்கும்போதும்கூட போனைப் பயன்படுத்தலாம் என்றானது. சில விமானங்களுக்குள்ளேயே சிறு டவர் இருக்கிறது. அது பக்கத்திலேயே இருப்பதால் போன் மிகக் குறைந்த சக்தியில் இயங்கும். அங்கே க்ரூ அனுமதித்தால் தாராளமாகப் பேசலாம்.

சரி, சிக்னலைவிட எனக்கு அதிகக் கவலை தருவது போனுக்குள் இருக்கும் பேட்டரி.

ஒரு இரவுப் பயணத்தில் க்ரூ இன்டர்காமில் கூப்பிட்டார். பயணி ஒருவர் தூங்கும்போது போன் சீட் இடுக்கில் நழுவியிருக்கிறது. எடுப்பதற்காக அவர் சீட்டை நிமிர்த்தியிருக்கிறார். உள்ளே இருந்த இரும்புச் சட்டம் போனை நசுக்கிவிட்டது. சுருக்கென்று ஒரு வாடை, மெல்லிய புகை. க்ரூ தண்ணீர் ஊற்றி, போனை வெளியே எடுத்துத் தண்ணீர்ப் பாத்திரத்தில் மூழ்க வைத்தார்கள். இறங்கும்வரை ஒருவர் அதன் பக்கத்திலேயே நின்றார்.

நசுங்கிய லித்தியம் பேட்டரிக்குள் ஷார்ட் ஆனால், அந்தச் சூடே மேலும் சூட்டைக் கிளப்பும். விமானத்தில் இருக்கும் ஹாலான் தீயணைப்பான் சுவாலையை அடக்கும், ஆனால் பேட்டரியைக் குளிர்விக்காது. அணைந்தது போலத் தெரிந்து மறுபடி பற்றும். குளிர்விக்கத் தண்ணீர்தான் வேண்டும்.

அதனால் போன் இடுக்கில் விழுந்தால் கையை விட்டுத் துழாவாதீர்கள். சீட்டைச் சாய்க்கவோ நிமிர்த்தவோ வேண்டாம், பக்கத்துச் சீட்காரரையும் நிறுத்தச் சொல்லுங்கள். மோட்டாரில் நகரும் பிசினஸ் வகுப்பு சீட்களில் இன்னும் கவனம் வேண்டும். மெதுவாக எழுந்து க்ரூவைக் கூப்பிடுங்கள். நள்ளிரவாக இருந்தாலும் கூப்பிடுங்கள், இதைத் தொந்தரவாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

பவர் பேங்கை செக்-இன் பெட்டியில் போடக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். கேபினில் புகைந்தால் கண்ணில் படும், கை எட்டும். சரக்கு அறையில் எட்டாது. பொதுவாக 100 வாட்-அவர் வரை கையில் கொண்டுவரலாம், அதாவது 3.7 வோல்ட் பேட்டரியில் சுமார் 27,000 எம்ஏஎச். அப்புறம், போன் வீங்கியிருந்தாலோ கை பொறுக்காத அளவு சுட்டாலோ, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு உடனே க்ரூவிடம் சொல்லுங்கள்.