கண்டுகொள்ளாத விற்பனையாளரும் அவசரக் கையெழுத்தும்

அமெரிக்காவில் மோட்டார்ஹோம், அதாவது படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு வீடுபோல் கட்டிய வண்டி வாங்குகிறவர்களுக்காக, பணம் கட்டுவதற்கு முன்பு வண்டியைப் பரிசோதித்துச் சொல்வது என் தொழில். கூரையில் ஏறித் தண்ணீர் இறங்கிய தடம் தேடுவது, கேஸ் குழாயில் அழுத்தம் குறைகிறதா என்று பார்ப்பது, ஏசியைப் போட்டுவிட்டு ஜெனரேட்டர் தாக்குப் பிடிக்கிறதா என்று கவனிப்பது, இப்படியே நாள் போகும். ஆனால் என்னைக் கூப்பிடும் தமிழ்க் குடும்பங்களில் பலர் வண்டியைப் பற்றிப் பேச்சைத் தொடங்குவதில்லை. “அரை மணி நேரம் நின்னோம், என்ன வேணும்னு ஒருத்தர்கூட கேட்கலை” என்றுதான் தொடங்குகிறார்கள். வீட்டுக்கு அடுத்தபடியாக வாழ்நாளில் செய்யும் பெரிய செலவு அது. அதற்காகப் போன இடத்தில் மதிக்காமல் விட்டால் மனசு வலிக்கத்தான் செய்யும்.

அந்த அலட்சியம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் கொஞ்சம் எளிதாகக் கையாளலாம். பெரும்பாலான டீலர்களிடம் விற்பனையாளரின் வருமானத்தில் பெரும்பகுதி கமிஷன்தான். சனி, ஞாயிறில் லாட்டுக்கு, அதாவது வண்டிகளை வரிசையாக நிறுத்தி விற்கும் திடலுக்கு, வருகிறவர்களில் நிறையப் பேர் சும்மா பார்க்க வருகிறவர்கள். பிள்ளைகள் மேல்படுக்கையில் ஏறிக் குதிக்கும், பெரியவர்கள் அடுப்பைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு “ரிட்டயர் ஆன பிறகு பார்க்கலாம்” என்று கிளம்பிவிடுவார்கள். இன்றைக்கு யார் வாங்குவார் என்று விற்பனையாளர் கண்ணாலேயே எடை போடப் பழகிவிடுகிறார். அந்த எடை பல நேரம் தப்பாகிறது.

இன்னொரு காரணம், வண்டியைப் பற்றி அவருக்கே சரியாகத் தெரியாது. ஒரே லாட்டில் ஃபோர்டு ஈ-450 சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் கட்டிய கிளாஸ் சி நிற்கும், மெர்சிடிஸ் ஸ்ப்ரின்டர் வேனுக்குள் வீட்டை அடக்கிய கிளாஸ் பி நிற்கும், பஸ் மாதிரி கிளாஸ் ஏ நிற்கும். ஒவ்வொன்றிலும் மின்சாரம், கேஸ், தண்ணீர், கழிவு என்று தனித்தனி அமைப்புகள். ஆட்கள் அடிக்கடி மாறும் வேலை வேறு. “பேட்டரியில் மட்டும் ஃபிரிட்ஜ் எத்தனை மணி நேரம் ஓடும்?” என்று நீங்கள் கேட்டதும் அவர் போனை எடுத்துக்கொண்டு நகர்ந்தால், அது திமிராக இல்லாமல் பதில் தெரியாத சங்கடமாகவும் இருக்கலாம்.

நம் நிறத்தைப் பார்த்துத்தான் ஒதுக்குகிறார்களா என்றும் கேட்கிறார்கள். சில இடங்களில் ஆம். அதை மழுப்பிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இனத்தைக் காரணமாக வைத்து ஒப்பந்தம் செய்ய மறுப்பதை 1866-ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டமே தடுக்கிறது. கடன் தருவதில் அப்படிப் பாகுபாடு காட்டுவதை 1974-இல் வந்த சமக் கடன் வாய்ப்புச் சட்டம் தடுக்கிறது. விற்க மறுத்தாலோ, உங்களுக்கு மட்டும் வேறு வட்டி சொன்னதாகத் தெரிந்தாலோ, தேதி, நேரம், பேசியவர் பெயர் எல்லாவற்றையும் அன்றே எழுதி வைத்துக்கொண்டு மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்குப் புகார் அனுப்புங்கள். முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது மட்டும் புகாராக நிற்காது. அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

என் கவலை இன்னொன்று. நான் பார்த்த மோசமான கொள்முதல்கள் பல, அலட்சியம் காட்டிய இடத்தில் நடக்கவில்லை. இரண்டு மூன்று இடங்களில் அவமானப்பட்டவர்கள், அடுத்து சிரித்துப் பேசிய முதல் ஆளிடம் அன்றைக்கே கையெழுத்துப் போட்டதால் நடந்தவை. டெக்சஸில் ஒரு குடும்பம். ஊரிலிருந்து தாத்தா பாட்டி வருகிறார்கள், எல்லோருமாக யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்று திட்டம். போன லாட்டுகளில் ஒருவரும் சரியாகப் பேசவில்லை. கடைசியில் ஒரு டீலரிடம் விற்பனையாளர் வாசல்வரை வந்து வரவேற்று, பிள்ளைகளுக்கு ஜூஸ் கொடுத்து, எல்லாப் படுக்கையையும் விரித்துக் காட்டியிருக்கிறார். “எட்டுப் பேர் தாராளமாகத் தூங்கலாம்” என்றார். அவர்கள் ஆறு பேர். சாயங்காலமே முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்த வண்டியில் சீட் பெல்ட் ஐந்துதான். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே உள்ள படுக்கையின் மூலையில் கை வைத்தால் பலகை அமுங்கியது. கூரை ஓரத்தில் இடைவெளியை அடைக்கும் சீலன்ட் பசை விட்டுப்போய் மழைத் தண்ணீர் எப்போதோ உள்ளே இறங்கியிருக்கிறது. விற்பனையாளர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை, எட்டுப் பேர் தூங்கலாம்தான். ஓடும் வண்டியில் எத்தனை பேர் பெல்ட் போட்டு உட்காரலாம் என்று இவர்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மதித்துப் பேசிய மனிதரிடம் இப்படித் துருவித் துருவிக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றியது என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார். அலட்சியம் செய்யும் பெரிய கெடுதல் இதுதான் என்று நினைக்கிறேன். சாதாரண மரியாதை கிடைத்தாலே நன்றிக்கடன் பட்டதுபோல் ஆகிவிடுகிறோம்.

மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மத்திய வர்த்தக ஆணையத்தின் மூன்று நாள் விதி, டீலரின் நிரந்தரக் கடையில் போய் வாங்கிய வண்டிக்குப் பொருந்தாது. திரும்பத் திரும்பப் பழுதாகும் வண்டிக்கு ஈடு கேட்க உதவும் லெமன் சட்டத்தையும் முழுக்க நம்ப வேண்டாம். அது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. கலிபோர்னியாவில் அந்தச் சட்டம் புது மோட்டார்ஹோமின் சேஸிஸையும் ஓட்டத்துக்கான பகுதியையும் பாதுகாக்கிறது. குடியிருக்கும் பகுதி அதற்குள் வராது. கூரை ஒழுகுவது அந்தக் குடியிருக்கும் பகுதியில்தான்.

அதனால் நான் சொல்வது, விற்பனையாளரின் வாயை நம்பி இருக்கும் நிலையை முடிந்தவரை குறைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவையான பாதி பதில் வண்டி மேலேயே ஒட்டியிருக்கிறது. வலது பக்கத்தில் முன்னால் இருக்கும் கதவைத் திறந்தால் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை பவுண்டு வரை ஏற்றலாம், பெல்ட் உள்ள இருக்கைகள் எத்தனை, தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் அந்த அளவில் எவ்வளவு போய்விடும் என்று மூன்றும் அதில் அச்சிட்டிருக்கும். தண்ணீர் கேலனுக்கு 8.3 பவுண்டு. 40 கேலன் தொட்டி என்றால் 330 பவுண்டுக்கு மேல். அதோடு ஆறு பேரின் எடை, அரிசி, பாத்திரம், துணிமணி எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். பளபளவென்று நிற்கும் சில வண்டிகள் இந்தக் கணக்கிலேயே தள்ளுபடி ஆகிவிடும். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, யாரும் வந்து விளக்க வேண்டியதும் இல்லை.

டயரின் பக்கவாட்டில் DOT என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. மோட்டார்ஹோம் பெரும்பாலும் நின்றுகொண்டே இருப்பதால், டயரின் பூ தேயும் முன்பே ரப்பர் கெட்டுவிடும். வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் போட்டால் சரிசெய்யாத ரீகால் (குறை சரிசெய்யத் தயாரிப்பாளர் விடுக்கும் அழைப்பு) இருக்கிறதா என்று தெரிந்துவிடும். சேஸிஸின் ரீகால், வண்டியைக் கட்டிய கம்பெனியின் ரீகால் இரண்டையும் தேடுங்கள். கதவோரம் ஆர்.வி.ஐ.ஏ. என்ற மோட்டார்ஹோம் தொழில்துறைச் சங்கத்தின் முத்திரையைக் காட்டி “எல்லாம் சோதித்தாகிவிட்டது” என்பார்கள். அந்தச் சங்கத்தின் விதிகளின்படி கட்டியிருக்கிறோம் என்று தயாரிப்பாளர் தரும் உறுதி அது. அந்த ஒரு வண்டியை யாரோ தனியாக உட்கார்ந்து சோதித்தார்கள் என்று பொருள் இல்லை.

இவ்வளவையும் பார்த்த பிறகும் ஒரு மனிதரிடம் பேசித்தான் ஆக வேண்டும். வார நாளில் காலையில் போங்கள். அதற்கு முன்பே மின்னஞ்சலில் சுருக்கமாக எழுதுங்கள்: எந்த வண்டி, அதன் ஸ்டாக் எண், எப்போது வாங்க உத்தேசம், பணத்துக்கு என்ன ஏற்பாடு. கூடவே ஒரு வேண்டுகோள். நாங்கள் வரும்போது வண்டியை மின் இணைப்பில் செருகி, தண்ணீர் நிரப்பி, கேஸ் திறந்து வைத்திருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் முந்தைய நாள் இரவிலிருந்தே ஓடியிருக்க வேண்டும். கேஸில் ஓடும் பழைய வகை ஃபிரிட்ஜ் குளிர்வதற்கே பல மணி நேரம் ஆகும், அங்கே போய் நின்றுகொண்டு அதைச் சோதிக்க முடியாது. நான் பார்த்தவரை டீலரை எடை போட இதைவிட நல்ல சோதனை இல்லை. சிலர் அப்படியே செய்து வைத்திருப்பார்கள். சிலர் ஏன் முடியாது என்று காரணத்தோடு பதில் எழுதுவார்கள். குளிர்காலத்தில் குழாய் உறையாமலிருக்க மருந்து ஊற்றி வைத்திருந்தால் தண்ணீர் நிரப்ப முடியாதுதான், அது நியாயம். பதிலே வராத இடத்துக்கு எண்பது மைல் ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.

போன இடத்தில் விற்பனையாளர் அசட்டையாக இருந்தால் அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். சேல்ஸ் மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கோபப்படாமல், “நாங்கள் வாங்க வந்திருக்கிறோம், இந்த வண்டியைத் தெரிந்த ஒருவர் வேண்டும்” என்று சொன்னால் போதும். வெளியே எவ்வளவு சிடுசிடுப்பாக இருந்தாலும் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லும் பழைய ஆட்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களை இழந்துவிடாதீர்கள். தெரியாததைத் “தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லி, சொன்னபடி மறுநாள் அழைப்பவரை நான் சிரித்த முகங்களைவிட மேலாக மதிக்கிறேன்.

அப்புறம், ஷோரூமிலேயே நின்றுவிடாமல் பின்னால் இருக்கும் சர்வீஸ் பகுதிக்கு நடந்து போங்கள். வாங்கிய பிறகு உங்களுக்கு விற்பனையாளரோடு வேலை இல்லை, சர்வீஸ்காரர்களோடுதான். அங்கே காத்திருக்கும் வண்டிக்காரரிடம் எத்தனை நாளாக நிற்கிறது, உதிரிப் பாகம் வந்ததா என்று பேச்சுக் கொடுங்கள். வாரன்டி மூன்று கைகளில் இருக்கிறது என்பதை விற்கும்போது யாரும் விளக்குவதில்லை. இன்ஜினும் சேஸிஸும் ஃபோர்டு, மெர்சிடிஸ் போன்ற கம்பெனிகளின் பொறுப்பு. வீட்டுப் பகுதி அதைக் கட்டிய கம்பெனியின் பொறுப்பு. ஃபிரிட்ஜ், ஏசி, ஜெனரேட்டர் அந்தந்தத் தயாரிப்பாளரின் பொறுப்பு. உங்கள் ஊர் ஃபோர்டு டீலரிடம் இவ்வளவு உயரமான வண்டியை உள்ளே எடுத்துத் தூக்க வசதி இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

லாட்டுகளே அலுத்துவிட்டது என்றால் கண்காட்சிக்குப் போகலாம். செப்டம்பரில் பென்சில்வேனியாவின் ஹெர்ஷியிலும் ஜனவரியில் ஃபுளோரிடாவின் டேம்பாவிலும் நடப்பவை பெரியவை. இந்தியானாவின் எல்க்ஹார்ட் பகுதித் தொழிற்சாலைகளிலிருந்து அவர்களே ஆள் அனுப்புவார்கள், சுவருக்குள் என்ன வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டால் பதில் கிடைக்கும். கேட்டுவிட்டு வாருங்கள், அங்கேயே முன்பணம் கட்டாதீர்கள். ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்ப்பதும் நல்லது. கழிவுத் தொட்டியை யார் காலி செய்வது என்பது உட்பட, குடும்பத்துக்குள் பேசி முடிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

விலை பேசும் இடத்தில் “மாதம் எவ்வளவு கட்ட முடியும்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். மோட்டார்ஹோம் கடனை 15, 20 வருடங்கள் வரை நீட்டலாம் என்பதால் மாதத் தவணையை எவ்வளவு சின்னதாகவும் காட்ட முடியும். வரி, ஆவணக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தத் தொகையை எழுத்தில் கேளுங்கள். வங்கியிலோ, உறுப்பினர்களே நடத்தும் கடன் சங்கமான கிரெடிட் யூனியனிலோ முன்கூட்டியே கடன் அனுமதி வாங்கிக்கொண்டு போனால் நிதி அறையில் உங்கள் கை ஓங்கும். முன்பணம் கட்டும் முன், வெளிப் பரிசோதகரின் அறிக்கை திருப்தி தராவிட்டால் முழுத் தொகையும் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். என்.ஆர்.வி.ஐ.ஏ. என்ற தேசியப் பரிசோதகர் சங்கத்தின் தளத்தில் உங்கள் பகுதி ஆட்களைத் தேடலாம். டீலர் சிபாரிசு செய்யும் பரிசோதகரை நான் தவிர்க்கச் சொல்வேன்.

ஒப்படைக்கும் நாளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அன்றைக்கு விற்பனையாளர் அடுத்த வாடிக்கையாளரிடம் போயிருப்பார், ஒரு டெக்னீஷியன் இருபது நிமிடத்தில் சுவிட்சுகளைக் காட்டிவிட்டுச் சாவியை நீட்டுவார். அவசரப்பட வேண்டாம். அரை நாள் ஒதுக்குங்கள். எல்லா அடுப்பையும் பற்றவைத்து, எல்லாக் குழாயையும் திறந்து, பக்கவாட்டில் வெளியே தள்ளும் அறையை முழுக்க நீட்டி மடக்கி, வெந்நீர் வரும்வரை நின்று பாருங்கள். சரியில்லாத ஒவ்வொன்றையும் டீலர் செய்துதர வேண்டிய வேலையாகத் தாளில் எழுதி, எந்தத் தேதிக்குள் என்று போட்டு, மேனேஜரிடம் கையெழுத்து வாங்குங்கள். “அடுத்த வாரம் கொண்டு வாங்க, பார்த்துக்கலாம்” என்றால் வண்டி அங்கேயே நிற்கட்டும், மீதிப் பணமும் உங்களிடமே இருக்கட்டும். வேலையை முடித்துக் காட்டிய பிறகு போய் எடுத்துக்கொள்ளலாம்.