ஜாமீன் கிடைத்தும் சிறையில் இருப்பவரை வெளியே கொண்டுவர: ஏழைக் கைதிகள் உதவித் திட்டமும் தொடர்புடைய விதிகளும்

திருட்டு வழக்கு ஒன்றில் நடுவர் ஜாமீன் கொடுக்கிறார். உத்தரவில் வழக்கமான வரிதான் இருக்கும்: தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரு நபர் ஜாமீன். சொந்த வீடும் வரி ரசீதும் உள்ள குடும்பம் மறுநாளே இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்துவிடும். புறம்போக்கில் குடிசை போட்டுவிட்டுப் பட்டாவுக்குக் காத்திருக்கும் இருளர் குடும்பத்தில் யாரிடம் வரி ரசீது இருக்கும்? அவர்களுடைய உறவினர்களின் நிலையும் அதேதான். திருப்பூரில் பிடிபட்ட ஒடிசாக்காரருக்கோ அந்த ஊரில் கையெழுத்துப் போடவே ஆள் கிடையாது. உத்தரவு எல்லோருக்கும் ஒன்றாக இருந்தாலும், யார் எப்போது வெளியே வருவார் என்பதைச் சொத்துக் காகிதம்தான் தீர்மானிக்கிறது.

2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது தண்டனை பெறாதவர்கள். இவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 16.6 சதவீதம். பழங்குடியினர், முஸ்லிம்கள் விஷயத்திலும் சிறையில் உள்ள பங்கு மக்கள்தொகைப் பங்கைவிடக் கூடுதல். இந்த எண்களைக் காட்டி யார் அதிகம் குற்றம் செய்கிறார்கள் என்று சொல்ல முடியாது. சந்தேகத்தின்பேரில் யாரைப் பிடிக்கிறார்கள், யாருக்கு வக்கீல் இருக்கிறார், யாருக்கு ஜாமீன்தாரர் கிடைக்கிறார் என்ற மூன்றும் சேர்ந்தே இவற்றை உருவாக்குகின்றன. ஜாமீன்தாரர் சிக்கலுக்கு இப்போது அரசுப் பணமே இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுவோர் மிகக் குறைவு.

2023-24 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்துக்கு உள்துறை அமைச்சகம் 2023 ஜூனில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆண்டுக்கு 20 கோடி ரூபாய் ஒதுக்கீடு. மாவட்டம்தோறும் ஒரு அதிகாரக் குழு உண்டு. 2023 வழிகாட்டுதலின்படி ஆட்சியர், ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளர், காவல் கண்காணிப்பாளர், சிறைக் கண்காணிப்பாளர், மாவட்ட நீதிபதி நியமிக்கும் ஒரு நீதிபதி ஆகியோர் அதன் உறுப்பினர்கள். விசாரணைக் கைதிக்கு ஒரு வழக்குக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட முடியாமல் இருக்கும் தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும் உதவி என்பது 2023 வழிகாட்டுதலில் உள்ள வரம்பு. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள வரம்பைச் செயலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வரம்பைத் தாண்டிய தொகைக்கும் பரிந்துரைக்க 2023 வழிகாட்டுதலில் அவருக்கு இடமிருந்தது.

பணம் குடும்பத்தின் கைக்கு வராது. நிரந்தர வைப்பாகவோ வேறு வகையிலோ நீதிமன்றத்தில் கட்டப்படும். ஜாமீனுக்காகக் கட்டிய தொகை வழக்கு முடிந்ததும் அரசுக் கணக்குக்குத் திரும்பிவிடும். அதனால் 'கமிஷன் கொடுத்தால் வாங்கித் தருகிறேன்' என்று யாராவது வந்தால் நம்ப வேண்டாம். ஊழல் தடுப்புச் சட்டம், சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டம், போதைப்பொருள் தடுப்புச் சட்டம், உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் ஆகியவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு இந்த உதவி கிடையாது. கஞ்சா வழக்குகளில் சிக்குவோரில் பெரும்பாலோர் ஏழைகள் என்பதால் இந்த விலக்கு சரியல்ல என்பது எங்கள் கருத்து. ஆனாலும் இன்றைய விதி அதுதான்.

நடைமுறையில் ஏழாவது நாள்தான் முக்கியம். ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாளுக்குள் ஒருவர் விடுதலையாகாவிட்டால், சிறை நிர்வாகம் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் சட்டத் தன்னார்வலர், நன்னடத்தை அலுவலர் போன்றோரைக் கொண்டு குடும்பத்தின் நிலையை விசாரிக்க வேண்டும் (2023 வழிகாட்டுதலில் இதற்குப் பத்து நாள்). பிறகு குழுவின்முன் வைக்க வேண்டும். காகிதத்தில் இது தானாக நகரும். நடப்பில் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுகிறது, ஏனென்றால் சிறைப் பதிவேட்டில் ஜாமீன் கிடைத்த தேதியே ஏறியிருக்காது. ஆகவே எட்டாம் நாளில் குடும்பமே செயலாளருக்கு மனு எழுதிக் கொடுக்க வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். கைதியின் பெயர் (முதல் தகவல் அறிக்கையில் உள்ள அதே எழுத்துகளில்), சிறை எண், காவல் நிலையம், குற்ற எண், நீதிமன்றம், ஜாமீன் உத்தரவின் தேதி, கேட்கப்பட்ட தொகை, ஏன் கட்ட முடியவில்லை என்ற விவரம் இருக்கட்டும். உத்தரவின் நகலை இணைத்து, மனுவின் இன்னொரு பிரதியில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில்தான் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

காவலில் உள்ள எவரும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீலுக்கு உரியவர். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் வெளியே இருந்தாலும் அந்த உரிமை உண்டு.

அரசுப் பணத்துக்குக் காத்திருக்காமல் நிபந்தனையையே தளர்த்தக் கேட்பது பல வழக்குகளில் விரைவான வழி. 1978இல் மோதிராம் வழக்கில், ஒரு கொத்தனாரிடம் நடுவர் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். அவருடைய அண்ணன்தம்பி முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தார். உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதை ஏற்காமல், ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையில், அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் அவரே எழுதிக் கொடுப்பதை ஏற்று, விடச் சொன்னார். இவ்வளவு காலம் கழித்து, 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது: ஜாமீன் உத்தரவை அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும்; வெளியே வந்து ஜாமீன்தாரரைத் தேடுவதற்காகத் தற்காலிக ஜாமீன் கொடுக்கலாம்; ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க முடியவில்லை என்றால் நீதிமன்றமே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பார்க்கலாம்; உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்ற நிபந்தனையைத் தவிர்க்கலாம். நிபந்தனைத் தளர்வு மனுவில் இந்தத் தேதியைக் குறிப்பிடுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 484ஆவது பிரிவும் பிணைத்தொகை அளவுக்கு மீறி இருக்கக் கூடாது என்கிறது. ஜாமீனில் விடக்கூடிய குற்றமாக இருந்தால் 478ஆவது பிரிவைக் காட்டுங்கள். கைதாகி ஒரு வாரத்தில் பிணை கொடுக்க முடியாதவரை ஏழை என்று எடுத்துக்கொண்டு, ஜாமீன்தாரர் இல்லாமலே விட வேண்டும்.

ஜாமீனே கிடைக்காமல் உள்ளே இருப்பவருக்கு அதே சட்டத்தின் 479ஆவது பிரிவு உதவும். அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் கழிந்திருந்தால் ஜாமீன். முன்பு தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு கழிந்தாலே போதும். மூன்றாண்டு வரை தண்டனை உள்ள சாதாரணத் திருட்டுக்கு அது ஓராண்டு. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய வழக்குக்கு இது பொருந்தாது. 2024 ஜூலை 1க்கு முந்தைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் சொல்லிவிட்டது. மனுவைச் சிறைக் கண்காணிப்பாளரே போட வேண்டும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை. ஒருவரைப் பிடித்தவுடன் கண்டுபிடிக்கப்படாத பழைய வழக்குகளையும் அவர் தலையில் கட்டுவது எந்தச் சமூகத்தாருக்கு அதிகம் நடக்கிறது என்பது, சில சமூகங்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று ஆங்கிலேயர் காலத்தில் அறிவித்த குற்றப் பழங்குடிச் சட்டத்தின் முத்திரை குத்தப்பட்டு வாழ்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிறையில் அவரை நேரில் பார்க்கப் போகும்போது எத்தனை வழக்குகளில் காவலில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் தனித்தனியே ஜாமீன் வாங்கினால்தான் கதவு திறக்கும். விடாமல் வைத்திருப்பதற்கு அடிக்கடி காரணம் இதுதான்.

வெளியே வந்த பிறகு, காவல் நிலையத்தில் தினமும் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். கூலி வேலைக்குப் போகிறவர் இரண்டு மூன்று நாள் தவறினாலே ஜாமீனை ரத்து செய்யக் காவல்துறை மனுப் போடலாம். பேருந்துச் செலவு தாங்கவில்லை, வேலை போகிறது என்றால், தவறிய பிறகு விளக்கம் சொல்லாமல் முன்கூட்டியே வக்கீல் மூலம் மனுப் போட்டு, வாரம் ஒருமுறை என்றோ வீட்டுக்கு அருகில் உள்ள நிலையத்தில் என்றோ மாற்றிக்கொள்ளுங்கள். இந்த மனுவுக்கும் இலவச வக்கீலைக் கேட்டுப் பார்க்கலாம்.