டைன் ஆற்றின் சுழல் பாலம்

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் டைன் ஆற்றின் குறுக்கே 1781இல் கட்டப்பட்ட கல்பாலத்தின் தாழ்ந்த வளைவுகள், மேற்கே எல்ஸ்விக்கில் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் நடத்திய பீரங்கித் தொழிற்சாலைக்குப் பெரிய கப்பல்கள் செல்லவிடாமல் தடுத்தன. அதை இடித்த இடத்தில் 1876இல் எழுந்த சுழல் பாலத்தின் வழியே முதலில் கடந்தது, 100 டன் பீரங்கி ஒன்றை ஏற்றிச்செல்ல வந்த 'யூரோப்பா' என்னும் இத்தாலியக் கப்பல்.

சுமார் 86 மீட்டர் நீளமுள்ள அதன் சுழலும் பகுதி, ஆற்றின் நடுத்தூண்மீது துலாக்கோல்போல அமர்ந்திருக்கிறது. கப்பல் வரும்போது கால்வட்டம் திரும்பி, நீரோட்டத்துக்கு இணையாக நிற்கிறது. இருபுறமும் எடை சமமாக இருப்பதால் பாரத்தைத் தூக்க வேண்டியதில்லை. உராய்வையும் காற்றையும் நிலைமத்தையும் வென்றால் போதும். அந்த உராய்வையும் குறைப்பதற்காக, நடுவிலுள்ள நீரழுத்த உருளை பாலத்தின் எடையில் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்ள, எஞ்சியது மட்டுமே வட்டப்பாதையில் ஓடும் சக்கரங்களுக்குப் போகிறது.

இந்தப் பொறியமைப்பை உருவாக்கிய ஆம்ஸ்ட்ராங்கின் உண்மையான மேதைமை, என் பார்வையில், ஆற்றலைச் சேமித்த விதத்தில்தான் இருக்கிறது. பாலம் திரும்பும் சில நிமிடங்களுக்கு மட்டுமே பெரும் விசை வேண்டும்; அதற்கென்று பெரிய நீராவி எந்திரத்தை எப்போதும் சூடாக வைத்திருப்பது வீண். எனவே சிறிய எந்திரம் நிதானமாக நீரை இறைத்து, பாலத்துக்கு அடியிலுள்ள ஆழ்குழியில் கனத்த பாரம் ஒன்றை மேலே ஏற்றி வைத்தது. வால்வைத் திறந்ததும் பாரம் இறங்கி, நீரை அழுத்தி, பாலத்தைச் சுழற்றும் பொறிகளுக்கு அனுப்பியது. பாரத்தின் எடை மாறாததால் அழுத்தமும் கடைசிவரை குறையாது. இதே அழுத்தத்தை உயரமான நீர்த்தொட்டியால் பெற வேண்டுமானால் பல நூறு மீட்டர் கோபுரம் தேவைப்பட்டிருக்கும். 1959இல் நீராவிக்குப் பதிலாக மின்பம்புகள் வந்தபோதும் அடிப்படை அமைப்பு மாறவில்லை.

1924இல் மட்டும் ஏறத்தாழ 6,000 முறை திரும்பிய பாலம், மேற்கே தொழிற்சாலைகள் மூடப்பட்டுக் கப்பல்கள் அருகியதால் மெல்ல ஓய்ந்தது. 2019இன் இறுதியிலிருந்து அசையாமலே நின்றது. வாகனங்கள் அதன்மேல் செல்லலாம், ஆனால் அசையாத பொறிக்குத் தேய்மானத்தைவிடத் தேக்கமே கொடியது: நீர்க்கசிவைத் தடுக்கும் அடைப்புகள் இறுகுகின்றன, சக்கரங்கள் ஒரே இடத்தில் பாரம் தாங்குகின்றன, பல்லிணைப்புகளில் துரு ஏறுகிறது. பாரம்பரியச் சின்னமாகச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பு அதன் இடிப்பைத் தடுக்கும். சுழற்சியைத் திருப்பித் தராது. கப்பலுக்குப் பயன்படாத ஒரு சுழற்சிக்கு யார் செலவிடுவது என்பதே இப்போதைய சிக்கல். கப்பல் வராவிட்டாலும் பொறிகளைச் சீரமைத்து, குறித்த நாட்களிலாவது பாலத்தைத் திருப்ப வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.