வெள்ளிக் கண்ணாடி மணி செய்யப் போகிறீர்களா? முதலில் ஜன்னலைத் திறவுங்கள்

என்னிடம் லேம்ப்வொர்க், அதாவது கண்ணாடிக் கோலைத் தீயில் உருக்கி மணி செய்வது, கற்க வருகிறவர்கள் முதல் சில வகுப்புகளிலேயே கேட்டுவிடுவது வெள்ளி கலந்த கண்ணாடியைப் பற்றித்தான். கோலாகக் கையில் எடுத்தால் பழுப்போ மங்கிய மஞ்சளோ, பார்க்க ஒன்றுமே இருக்காது. தீயில் பதமாகக் காட்டினால் மயில் கழுத்து நிறம், ஊதா, தாமிரச் சிவப்பு, சில நேரம் முகம் தெரிகிற வெள்ளிப் பளபளப்பு. வீடியோவில் இது பத்து விநாடிக் காட்சி. அந்தப் பத்து விநாடியில் அறைக் காற்றுக்கு என்ன ஆகிறது என்பதை எந்த வீடியோவும் சொல்லி நான் பார்க்கவில்லை. வீட்டின் பின்கட்டிலோ மாடி அறையிலோ டார்ச் (காஸையும் ஆக்ஸிஜனையும் கலந்து எரிக்கும் தீக்குழல்) வைத்துத் தொடங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நிறம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம், தீயைப் புரிந்துகொள்ள அது வேண்டும். இந்தக் கண்ணாடியைத் தயாரிக்கும்போதே அதில் கொஞ்சம் வெள்ளி கரைந்திருக்கும். அயனியாகக் கரைந்து கிடக்கும்வரை அதற்கு நிறம் கிடையாது. அயனி உலோக அணுவாக மாறி, அணுக்கள் ஒன்றுகூடி நானோ அளவுத் துகள்களாக ஆனபிறகுதான் வேடிக்கை ஆரம்பம். மிகச் சிறிய துகள்கள் 400 நானோமீட்டரை ஒட்டிய ஊதா ஒளியை விழுங்கிவிடும். மிச்சம் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும். துகளின் அளவும் வடிவமும் மாற மாற நிறமும் நகரும். ஐரோப்பிய தேவாலயங்களின் ஜன்னல்களில் 14ஆம் நூற்றாண்டிலிருந்து காணப்படும் மஞ்சள், வெள்ளிச் சேர்மத்தைக் கண்ணாடியில் பூசிச் சுட்டு எடுத்தது. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் லைகர்கஸ் கோப்பை அதைவிடப் பழையது, 4ஆம் நூற்றாண்டு ரோமானிய வேலை. வெளிச்சம் முன்னாலிருந்து பட்டால் பச்சை, உள்ளிருந்து வந்தால் சிவப்பு. அந்தக் கண்ணாடியில் வெள்ளியோடு தங்கமும் நுண்துகளாகக் கலந்திருக்கிறது.

நாம் வாங்கும் கோல்களில் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று ஸ்ட்ரைக்கிங் வகை. நன்றாக உருகி ஒளிரும்வரை சூடாக்கி, மணியின் செந்தழல் முழுக்க அடங்கும்வரை ஆறவிட்டு, பிறகு தீயின் ஓரத்தில் மெதுவாக மறுபடி சூடேற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் துகள்கள் வளர்ந்து நிறம் ஏறும். அளவு மீறினால் சேறு நிறத்துக்குப் போய்விடும். மறுபடி முழுக்க உருக்கினால் துகள்கள் கரைந்து, பழையபடி தொடங்கலாம். தழல் அடங்கியதா என்று பிரகாசமான விளக்கின் கீழ் தெரியாது, மேசைக்கு அடியில் இருட்டில் பிடித்துப் பாருங்கள். இந்த வகையில் அவசரம்தான் எதிரி.

இன்னொன்று ரிடக்‌ஷன் வகை. நான் சொல்ல வந்தது இதைப் பற்றித்தான். மணியை முழுதாகச் செய்து முடித்து, தழல் சற்று அடங்கியதும், ஆக்ஸிஜனைக் குறைத்தோ காஸைக் கூட்டியோ தீயைப் புசுபுசுவென்று மஞ்சள் நுனியோடு ஆக்கி, அதில் சில விநாடிகள் மணியைச் சுழற்றுவோம். போதுமான ஆக்ஸிஜன் இல்லாமல் எரியும் அந்தத் தீயில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் நிறைய இருக்கும். மேற்பரப்பில் இருக்கும் வெள்ளியை உலோகமாக மாற்றி வெளியே கொண்டுவருபவை அவைதான். அதாவது, அழகான பளபளப்புக்கு நாம் வேண்டுமென்றே உண்டாக்கும் வாயுவும், மூடிய அறையில் ஆளை மயங்க வைக்கும் வாயுவும் ஒன்றே. பக்க விளைவு என்று ஒதுக்க முடியாது, இந்த வேலையே அதை வைத்துத்தான் நடக்கிறது.

கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, கண் எரியாது, தொண்டை கமறாது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், காரணமில்லாத சோர்வு. ஏற்காட்டில் இருப்பவர்கள் இதற்கெல்லாம் குளிரைக் காரணம் சொல்லிவிடுவோம். கீழே சேலம் போய்த் திரும்பிய நாளாக இருந்தால் 20 கொண்டை ஊசி வளைவின் மேல் பழி. டார்ச்சில் உட்கார்ந்தால் தலை வலிக்கிறது, வெளியே வந்து அரை மணி நேரம் நின்றால் சரியாகிறது என்றால் உங்கள் அறையில் காற்றோட்டம் போதவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் பல வீடுகளில் இருக்கிறது. அதை விரலில் மாட்டிப் பார்த்து, 98 காட்டுகிறது, ஒன்றும் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறியதையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். மயக்கமோ குழப்பமோ இருந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வந்து மருத்துவமனைக்குப் போங்கள். “மூடிய அறையில் காஸ் தீயில் வேலை செய்தேன்” என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர்கள் யூகித்துக்கொள்வார்கள் என்று விடாதீர்கள். என்95 மாஸ்க் தூசுக்குத்தான், இந்த வாயுவை அது தடுக்காது. ஈரத்துணி கட்டுவதும் வீண்.

மலைமேல் இரண்டு கூடுதல் சிக்கல்கள் உண்டு. ஒன்று நம் பழக்கம். மழைக்காலத்தில் மேகமே ஜன்னல் வழியாக உள்ளே வரும். மார்கழியில் விரல் விறைக்கும். எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு, தீ முன்னால் உட்கார்ந்தால் இதமாக இருக்கிறது என்று வேலை செய்வோம். மலை ஊர்களில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தியைப் படித்திருப்பீர்கள். அங்கே ஆளைக் கொன்றதும் இதே வாயுதான்.

இரண்டாவது உயரம். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட சுமார் 16 சதவீதம் குறைவு. வீட்டில் கற்கிறவர்களில் பலர் சிலிண்டருக்குப் பதில் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்துக்கொள்கிறார்கள். அது அறைக் காற்றை உறிஞ்சி, நைட்ரஜனைப் பிரித்து, 90 சதவீதத்துக்கு மேல் ஆக்ஸிஜனாகத் தரும் மெஷின். உறிஞ்சும் காற்றே மெலிந்திருந்தால் அது தருவதும் மெலியும். பழைய மெஷினாக இருந்தால் கேட்கவே வேண்டாம். சேலத்தில் நீலமாக நின்ற தீ, அதே குமிழ் அளவில் மேலே மஞ்சள் தட்டும். ரிடக்‌ஷன் வேண்டாத நேரத்திலும் ரிடக்‌ஷன் தீயிலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பீர்கள். வெள்ளை, தந்தம் போன்ற நிறக் கோல்கள் காரணமே இல்லாமல் சாம்பல் பூத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கோலை அல்ல, தீயை.

என்ன செய்யலாம்? மின்விசிறி காற்றோட்டம் ஆகாது. அது இருக்கும் காற்றையே கிளறும், தீயை ஆட்டும், மணியையும் வெடிக்க வைக்கும். கெட்ட காற்று வெளியே போக ஒரு வழி, நல்ல காற்று உள்ளே வர இன்னொரு வழி, இரண்டும் வேண்டும். எக்ஸாஸ்ட் விசிறி, டார்ச்சுக்குப் பின்னால், மேசையை ஒட்டி இருக்க வேண்டும். தலைக்கு நேர் மேலே வைத்தால் புகை உங்கள் மூக்கைக் கடந்துதான் மேலே போகும். உங்கள் முதுகுப் பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும். சமையலறை சிம்னி போதுமா என்று கேட்பார்கள். குழாய் வழியாக வெளியே தள்ளும் வகை என்றால், இழுவை சரியாக இருக்கிறதா பார்த்துவிட்டு வைக்கலாம். ஃபில்டரில் வடிகட்டி மறுபடி உள்ளேயே விடும் வகை என்றால் கூடவே கூடாது. இழுவையைப் பார்க்க ஓர் ஊதுபத்தி போதும்: தீ நிற்கும் இடத்தில் பிடித்துப் பாருங்கள், புகை முகத்துப் பக்கம் திரும்பாமல் நேராக எக்ஸாஸ்டுக்குள் போக வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை மூச்சு விடும் உயரத்தில் மாட்டுங்கள். காஸ் கசிவு அலாரம் வேறு, இது வேறு. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னால் நம்ப வேண்டாம். குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கிறது.

சேலத்துக்காரர்களுக்கே உரிய இன்னொரு பிரச்சினை வெள்ளி. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் கொலுசுப் பட்டறை வீடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு வெள்ளி என்றால் கை கூசாது. வெள்ளியைத் தீயில் ஆவியாக்கி அந்த ஆவியைக் கண்ணாடியில் படியவிடும் ஃப்யூமிங் முறையைப் பற்றிக் கேள்விப்பட்டதும் ஒரு பெண் கேட்டாள்: “அக்கா, பட்டறையில வெட்டுத் துண்டு எவ்வளவோ கிடக்குதுங்க, அதையே காட்டலாமா?”

காட்டக் கூடாது. கொலுசுத் துண்டு சுத்த வெள்ளி அல்ல, அதில் செம்பு இருக்கும். பற்றவைத்த இடங்களில் துத்தநாகமும், சில பற்றவைப்புப் பொடிகளில் காட்மியமும் இருக்கலாம். வெள்ளி உருகுவதே 961 டிகிரியில்தான். காட்மியமோ 767 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெள்ளி அசையும் முன்பே காட்மியம் புகையாகி உங்கள் மூச்சுக்குள் போயிருக்கும். அப்போதைக்கு ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்து இருமலும் காய்ச்சலும் நெஞ்சு இறுக்கமும் வரும், நுரையீரல் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். பட்டறையில் பற்றவைப்பவர்கள் காலம் காலமாகச் சுவாசித்துவரும் புகையும் இதுதான். அதைப் பற்றி நம் ஊரில் இன்னும் உரக்கப் பேச வேண்டும், அது தனிக் கட்டுரை.

ஃப்யூமிங் செய்தே ஆக வேண்டும் என்றால் 999 சுத்த வெள்ளிக் கம்பி மட்டும், அதுவும் எக்ஸாஸ்ட் ஓடும்போது மட்டும். சுத்த வெள்ளியின் புகையும் லேசுப்பட்டதல்ல. வெள்ளி உடலில் சேர்ந்துகொண்டே போனால் தோல் நீலச் சாம்பல் நிறமாகிவிடும், ஆர்ஜிரியா என்பார்கள், பிறகு மாறாது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதியில் ஒரு கன மீட்டர் காற்றில் 0.01 மில்லிகிராம் வெள்ளிதான் அனுமதி வரம்பு. என் கருத்தைக் கேட்டால், வெள்ளி ஏற்கெனவே உள்ளே கரைந்திருக்கும் கோல் கையில் இருக்கும்போது தொடக்க நிலையில் ஃப்யூமிங் தேவையே இல்லை. அப்புறம் இனிப்புக் கடை வெள்ளித் தாள்: அதில் அலுமினியக் கலப்படம் சகஜம், மணிக்கு வாங்காதீர்கள்.

சிலிண்டர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்கு வைப்பது சட்டப்படி தவறு, 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்குங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் பள்ளமான அறையில் வைக்க வேண்டாம். குளிர்காலக் காலையில் அழுத்தம் குறையும், ஏனென்றால் அதில் இருக்கும் பியூட்டேனின் கொதிநிலை சுழிய டிகிரியை ஒட்டியது, குளிரக் குளிர அது குறைவாகவே ஆவியாகும். அதற்காகச் சிலிண்டர் மேல் சுடுதண்ணீர் ஊற்றுகிறவர்களை மலையில் பார்த்திருக்கிறேன். வேண்டாம், வெயில் ஏறட்டும். ஆக்ஸிஜன் சிலிண்டர் வைத்திருப்பவர்கள் தேங்காய் எண்ணெய் பட்ட கையால் வால்வைத் தொடாதீர்கள், அழுத்தமான ஆக்ஸிஜனில் எண்ணெய் தானாகத் தீப்பிடிக்கும். இரண்டு குழாயிலும், தீ பின்னோக்கிக் குழாய்க்குள் போகாமல் தடுக்கும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் இருக்கட்டும்.

கண்ணுக்கு டிடிமியம் மூக்குக்கண்ணாடி. சூடான கண்ணாடியிலிருந்து வரும் 589 நானோமீட்டர் சோடியம் மஞ்சளை அது மறைக்கும். மணியில் நிறம் ஏறுவதும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். கூலிங் கிளாஸ் அதற்கு மாற்றல்ல. அதிகச் சூட்டில் உருகும் போரோசிலிகேட் கண்ணாடி வேலைக்கு இன்னும் அடர்ந்த, வெல்டிங் ஷேட் உள்ள மூக்குக்கண்ணாடி வேண்டும்.

கடைசியாகச் சூளை. மணியை வெர்மிகுலைட் என்ற லேசான கனிமத் துகளிலோ சாம்பலிலோ புதைத்து ஆறவிட்டால் போதும் என்று சொல்வார்கள். விற்கப் போகும் மணிக்கு அது போதாது. 104 வகை (சூட்டில் விரியும் அளவைக் குறிக்கும் எண்) மென்கண்ணாடிக்கு 510 டிகிரியை ஒட்டிப் பிடித்து வைத்து, பிறகு மெதுவாக இறக்க வேண்டும். வெள்ளிக் கண்ணாடியைச் சூளையில் அதிக வெப்பத்தில் நெடுநேரம் வைத்தால் நிறம் மேலும் நகர்ந்துவிடும். காலையில் திறந்தால் வேறு மணி இருக்கும். சூளையைச் சொந்தமாகக் கட்டுகிறவர்கள், நம் ஊரில் மேக்னசைட் செங்கல் எளிதில் கிடைக்கிறதே என்று அதை வாங்கிவிடுகிறார்கள். அது எஃகு உலைக்கான கனமான செங்கல். வெப்பத்தை வெளியே கடத்திவிடும், திடீர்ச் சூட்டில் விரிசலும் விடும். நமக்கு வேண்டியது கையில் எடுத்தால் லேசாக இருக்கும் இன்சுலேஷன் செங்கல்.

சரியாக ஆறாத மணி சில மாதம் கழித்துக்கூடத் தானாக வெடிக்கும். கழுத்து மாலையில் என்றால் ஒரு மணி போயிற்று என்று விடலாம். கொலுசில் என்றால் உடைந்த விளிம்பு கணுக்காலில் ஏறும், அதுவும் குழந்தைகள் காலில். சூளையில் ஆறவைக்காத மணியைக் கொலுசுக்கு நான் கொடுப்பதில்லை. பட்டறைக்காரர்களும் கேட்டு வாங்க வேண்டும். ரிடக்‌ஷன் செய்த மணியின் பளபளப்பு மேற்பரப்பில் வந்து நிற்கும் மெல்லிய வெள்ளிதான். மேலே தெளிந்த கண்ணாடியால் மூடாத மணி என்றால் பல்பொடி போட்டுத் தேய்க்கவோ பாலிஷ் திரவத்தில் முக்கவோ கூடாது, மங்கிவிடும். வாங்குகிறவர்களுக்கு இதை விற்கும்போதே சொல்லிவிடுங்கள். கொலுசைக் கழற்றிக் கழுவுகிற நாளில் போன் போட்டுத் திட்டுவார்கள்.